எந்த மண்ணில் நின்ற மரம்?



நம்ம ஊரில் ‘மருந்து’ என்கிற சொல்லுக்கு இரண்டு பொருள் வந்து ரொம்ப நாளாச்சு. வயலில் தெளிக்கிற விஷத்துக்கும் மருந்துன்னுதான் பேர். உடம்பு சரியில்லை என்று குடிக்கிற கஷாயத்துக்கும் மருந்துன்னுதான் பேர். காய்கறி வாங்க வருகிறவர்கள் இப்போது “மருந்தடிச்சதா, அடிக்காததா?” என்று கேட்கப் பழகிவிட்டார்கள். அந்தக் கேள்வியை மக்கள் வாயில் வரவழைக்க நம்மாழ்வார் ஐயா தொடங்கி எத்தனையோ பேர் ஊர் ஊராக நடந்திருக்கிறார்கள். ஆனால் கத்தரிக்காய்க்கு அப்படிக் கேட்ட அதே ஆள், அடுத்த கடையில் வேப்பம்பட்டையும் மருதம்பட்டையும் கடுக்காய்த் தூளும் வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்பதில்லை. மூலிகை என்றாலே சுத்தம் என்று ஒரு நினைப்பு. “இந்தப் பட்டையை உரிச்ச மரம் எங்கே நின்னுச்சு?” என்று நாமும் கேட்கணும், வாங்குகிறவர்களையும் கேட்கவைக்கணும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

நான் பொன்னேரி வட்டத்தில் கொஞ்சம் நிலம் வைத்து இயற்கை வழியில் பயிர் செய்கிறவன். வாரத்தில் ஒரு நாள் அரிசி, கீரை, காய் எல்லாம் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் போய் விற்கிறேன். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பெண்கள், மீதிப் பேர் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர்கள். காய் வாங்குகிற கையோடு என்னிடம் மூலிகையும் கேட்பார்கள். “தம்பி, பேத்திக்கு மூச்சு இழுக்குது, ஆடாதோடை இருக்கா?” “சொறிக்குப் பூவரசம்பட்டை கொண்டாந்து தர்றியா?” சென்ற ஆண்டு எண்ணூர் குப்பத்திலிருந்து வந்த ஒரு ஆயா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. “எங்க வாசல்லயே வேப்பமரம் நிக்குதுப்பா. கொழுந்து பறிச்சா கையெல்லாம் கருப்பா ஒட்டுது. கழுவிட்டு அரைச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆவாதுல்ல?” அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மகிழ மரத்தின் ஊர்

வடசென்னையை ஆலையும் துறைமுகமுமாக மட்டுமே இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னாடி அது மரங்களின் ஊர். திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் தல மரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாரிடம் “உன்னைப் பிரியேன்” என்று சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழ மரத்தடியில்தான் என்று பெரிய புராணம் வழியாக நமக்கெல்லாம் தெரியும். சத்தியத்தை மீறிப் போனதால் கண் பார்வை போனது என்பதும் கதை. மரத்தைச் சாட்சி வைத்துப் பேசிய மண் அது. அதே ஊரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது.

மகிழம்பட்டையில் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்புதான் அதன் மருந்து. பட்டையைக் கஷாயமாக்கி வாய் கொப்பளித்தால் ஈறில் ரத்தக் கசிவுக்கும் பல் ஆட்டத்துக்கும் நல்லது என்று சித்த வைத்தியத்தில் வழக்கம். அந்தக் கடற்கரையில் மகிழம் மட்டுமா இருந்தது? பூவரசு, புன்னை, புங்கன், வேம்பு, நாவல், நுணா, பனை, கழிமுகத்தில் அலையாத்தி. பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலைத் தோல் படைக்குத் தடவுவார்கள். பட்டையைக் கொதிக்கவைத்துச் சொறி, கரப்பான் உள்ள இடத்தைக் கழுவுவார்கள். புன்னைக் கொட்டை எண்ணெய் மூட்டு வலிக்கு வெளிப்பூச்சு. நாவல் கொட்டைத் தூளைச் சர்க்கரை நோய்க்குச் சொல்வார்கள். உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் தாங்கி நிற்கிற மரங்கள் இவை. கடலோர ஜனங்களுக்கு மருந்துக்கடை வீட்டு வாசலிலேயே இருந்தது.

இப்போதும் அந்த மரங்களில் பல நிற்கின்றன. ஆனால் அவை நிற்கிற மண்ணும் மூச்சுவிடுகிற காற்றும் பழையவை இல்லை.

இலையில் படிவது என்ன?

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2017 மார்ச்சில் மூடினார்கள். அதற்குள் 1994இலேயே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் கொட்டியதை அந்தப் பகுதி மீனவர்கள் பல வருஷமாகச் சொல்லிப் போராடி வருகிறார்கள். செப்பாக்கம் என்கிற ஊரைப் போய்ப் பாருங்கள். சாம்பல் குளத்தை ஒட்டியே ஜனங்கள் வாழ்கிறார்கள். காற்று அடித்தால் சோற்றுத் தட்டில் சாம்பல் விழும்.

2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே 2 கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் கழிமுகம் வரை போய், அலையாத்தி மரங்களின் காலெல்லாம் கருப்பாகப் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளோடு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் போன்றவை சிறிய அளவில் இருக்கும். மரம் அவற்றை இரண்டு வழியில் வாங்கிக்கொள்கிறது. காற்றில் வருவது இலை மேலும் பட்டையின் வெடிப்புகளிலும் படிகிறது. மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதில் ஒரு பங்கு வேர் வழியே உள்ளே போகிறது. ஓர் ஊரின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் மரப்பட்டையையும் இலையையும் எடுத்துச் சோதிக்கிறார்கள் என்றால், அதில் அவ்வளவும் பதிவாகிறது என்றுதானே அர்த்தம்? கழுவினால் மேலே இருக்கும் தூசியில் பெரும் பங்கு போகும். உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. உலோகம் நெருப்பில் அழியாது. கஷாயத்தைச் சுண்டச் சுண்ட, இறங்கிய உலோகமும் சேர்ந்துதான் சுண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் மருத்துவத் தாவரங்களைப் பயிரிடவும் சேகரிக்கவும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சாலையோரம், சாக்கடையோரம், சுரங்கக் கழிவு கொட்டிய இடம், குப்பைமேடு, நச்சுப் புகை விடும் ஆலைப் பக்கம், இங்கெல்லாம் மூலிகை பறிக்காதே என்று அதில் சொல்லியிருக்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொடுங்கையூர் என்று வடசென்னையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சுரங்கம் ஒன்றுதான் இல்லை. நம் நாட்டு ஆயுஷ் விதிகளிலும் மூலிகை மருந்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். 10 லட்சம் பங்கில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு. இதற்கு மேல் போகக்கூடாது. கம்பெனி மருந்துக்கு இந்தச் சோதனை உண்டு. வாசல் மரத்தில் ஒடித்த கொழுந்துக்கும், சாக்கில் கட்டிவந்து சில்லறையாக விற்கும் பட்டைக்கும் யார் சோதனை செய்கிறார்கள்?

அந்த ஆயாவிடம் நான் சொன்னது: “வாசல் வேம்பை வெட்டாதீங்க. நிழலுக்கும் காத்துக்கும் அது வேணும். தூசியைத் தன் மேல வாங்கிட்டு உங்களைக் காப்பாத்துது. ஆனா அதைத் தின்னாதீங்க, குடிக்காதீங்க. கொழுந்து வேணும்னா நான் கொண்டாந்து தர்றேன்.”

பட்டை எங்கிருந்து வருகிறது?

சென்னை ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்நாட்டின் பாதி மூலிகை வியாபாரம் அந்தத் தெருவைத் தொட்டுத்தான் போகும் என்று நம்மிடையே பேச்சு. கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் சரக்கு மூட்டையாகத்தான் வருகிறது. எந்த ஊர், எந்த மரம் என்று மூட்டை மேல் எழுதியிருக்காது.

எழுதாத சரக்கில் இரண்டு ஆபத்து. ஒன்று இடம், அதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று ஆள்மாறாட்டம். அசோகப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களின் கருப்பை நோய்களுக்குப் பேர்போன மருந்து. உண்மையான அசோக மரம் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பட்டைக்காக உரித்து உரித்தே அது காடுகளில் அருகிவிட்டது. நம் ஊர்களில் பள்ளிக்கூடம், ஆபீஸ் வாசலில் ஈட்டி மாதிரி நெட்டையாக நிற்கிறதே, அதையும் ஜனங்கள் அசோகா என்றுதான் சொல்கிறார்கள். அது நெட்டிலிங்கம். அதன் பட்டை அசோகப்பட்டை என்ற பெயரில் சந்தைக்கு வருவது ஆய்வாளர்கள் பலமுறை எழுதிவைத்த சங்கதி. காசும் போய், நோயும் தீராது. அப்புறம் “சித்த மருந்து வேலை செய்யல” என்று பழி மட்டும் மருத்துவத்தின் மேல்.

என் நிலத்தில் சாலையை ஒட்டி ஒரு வரிசை வேம்பு நிற்கிறது. அந்தச் சாலையில் ராத்திரி பகலாக லாரி ஓடும், சாம்பல் லாரியும் ஓடும். இரண்டு வருஷம் முன்னாடி ஒரு வியாபாரி வந்து அந்த வரிசைக்கு மட்டும் பட்டைக்கு விலை பேசினார். சாலையோரம் என்பதால் வண்டியில் ஏற்றுவது சுலபமாம். அது மருந்துக்கு ஆகாத மரம் என்று சொன்னேன். “யாருங்க பார்க்கப் போறாங்க, எல்லாம் தூளாப் போறதுதானே?” என்றார். கொடுக்கவில்லை. அவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஒருத்தன் மறுப்பதால் சந்தை மாறாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வேம்பின் காப்புரிமையை மீட்ட கதை நமக்குத் தெரியும். அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் கம்பெனிக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் கொடுத்த உரிமையை எதிர்த்து வழக்காடி, 2000இல் ரத்து செய்யவைத்து, 2005இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். வேம்பைப் பற்றிய அறிவு நம்முடையது என்று உலகமே ஒப்புக்கொண்டது. அறிவு நம் கையில் இருக்கிறது, சரி. அந்த அறிவைப் பயன்படுத்தச் சுத்தமான ஒரு வேப்பமரம் எண்ணூர்க் குழந்தைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை என்றால் அந்த வெற்றியில் அவளுக்கு என்ன பங்கு?

நாம் செய்யக்கூடியது

இங்கேதான் உழவர்களுக்கு வேலை இருக்கிறது. இதற்குத் தனியாக நிலம் ஒதுக்க வேண்டியதில்லை. வரப்பும் வேலியும் போதும்.

மேடான வரப்பில் 15 முதல் 20 அடிக்கு ஒன்று என்று வேம்பு, நாவல், மகிழம் வைக்கலாம். ஈரம் நிற்கிற வாய்க்கால் கரைக்கு மருதும் புங்கனும் ஏற்றவை. உப்புத் தண்ணீர் ஏறிவிட்ட மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்து நிலங்களில் பூவரசும் புன்னையும் தாங்கும். வேலியோரம் ஆடாதோடை போத்து ஊன்றினால் ஆடு மாடு கடிக்காது. தழை வயலுக்கும் ஆகும், இருமலுக்கும் ஆகும். ஒட்டு நெல்லி 4ஆம் வருஷம் காய்க்கும். கடுக்காயும் தான்றியும் நிதானமாக வளரும், அவை பேரப்பிள்ளைகளுக்கு.

பட்டை எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். அடிமரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் செத்துப்போகும். கவாத்து செய்கிற கிளைகளிலிருந்து மட்டும் பட்டை உரியுங்கள். நிழலில் காயவையுங்கள். தார்ச்சாலையில் காயப்போடாதீர்கள், வண்டிப் புகையும் தாரும் ஏறும். எடுத்த மரம், ஊர், தேதி, உழவர் பெயர் நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். பங்கேற்பு உத்தரவாதச் சான்று வைத்திருக்கிற குழுக்கள் நெல்லுக்கும் காய்க்கும் வைக்கிற பதிவேட்டில் மரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். சாலை, ஆலை, சாக்கடை எவ்வளவு தூரம் என்பதும் அதில் இருக்கட்டும். என் சாலையோர வரிசைக்கு எதிரே ‘மருந்துக்கு இல்லை’ என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். ஆலைப் பக்கம் நிலம் உள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து மண்ணையும் இலையையும் ஒருமுறை சோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. முடிவு கெட்டதாக வந்தால் மறைக்கக்கூடாது. அந்தத் தாள்தான் நாளைக்கு நமக்குச் சாட்சி.

விற்க வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். 1944இல் வைத்தியர்கள் கூடித் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு திருவான்மியூரில் இன்றும் மருந்து செய்கிறது. அரசின் டாம்ப்கால் நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. அதன் முழுப் பெயரிலேயே ‘மருத்துவத் தாவரப் பண்ணைகள்’ என்று இருக்கிறது. பெயரில் உள்ள பண்ணை இயற்கை உழவரின் பண்ணையாக இருக்கட்டும், எங்கள் சான்றோடு எங்களிடம் நேரடியாக வாங்குங்கள் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும்.

மறுத்துப் பேசுகிறவர்களுக்கு

“பாட்டன் பூட்டன் சாப்பிட்டதுதானே, பக்கவிளைவே கிடையாதே” என்பவர்களுக்கு: பாட்டன் காலத்தில் அந்த மரத்தடியில் சாம்பல் இல்லை. மேலும், இயற்கை என்பதால் எல்லாம் எல்லோருக்கும் ஆகாது. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டி வலிப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. புன்னை எண்ணெய் பூச மட்டுமே. நாவல் கொட்டைத் தூளை நம்பிச் சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. படித்த சித்த மருத்துவர்கள் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் அரும்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். நாம் மரம் வளர்க்கிறவர்கள். வைத்தியர் வேலையை நாம் செய்ய வேண்டாம்.

“ஏழைகளுக்கு வாசல் மரத்தை விட்டால் வேறென்ன வழி?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி, இதற்குத்தான் நான் ரொம்ப யோசித்தேன். வாசல் மரத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கினால் அது வெறும் உபதேசம். சொல்கிற நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். மூலிகையை நகரத்து அங்காடியில் அலங்காரப் பொட்டலம் போட்டு நான்கு மடங்கு விலைக்கு விற்பது மட்டுமே நம் வழி என்றால், நஞ்சில்லா மருந்து வசதி உள்ளவனுக்கு மட்டும் என்று ஆகிவிடும். காய் கொண்டுபோகிற வண்டியில் ஒரு கட்டு வேப்பங்கொழுந்து, ஒரு கட்டு ஆடாதோடை கூட ஏற்றினால் நமக்குச் செலவு ஏதும் கூடாது. நான் அதைக் காய் வாங்குகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிறேன். ஒவ்வொரு சந்தையிலும் ஒருத்தர் செய்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். புகையால் வந்த மூச்சுத்திணறலுக்கு என் ஆடாதோடை தீர்வு ஆகாது. அந்தப் பேத்திக்கு முதலில் டாக்டர் வேண்டும், அதோடு சுவாசிக்க நல்ல காற்று வேண்டும். புகையை நிறுத்து என்று கேட்க வேண்டிய இடத்தில் கஷாய முகாம் நடத்தி ஜனங்களைச் சமாதானம் செய்து அனுப்புகிற வேலைக்கு நம் மூலிகையும் நம் பெயரும் பயன்படக்கூடாது. யார் கூப்பிட்டாலும் அப்படிப்பட்ட மேடைக்கு நாம் போகக்கூடாது.

சாம்பல் குழாய்களைச் சரிசெய்யவும், கழிமுகத்தில் கொட்டிய சாம்பலை அள்ளவும் எண்ணூர் மீனவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் உழவர் கையெழுத்தும் சேரவேண்டும். ஆலைகள் வைக்கிற பசுமை வளையத்தில் இந்தக் கடற்கரைக்கே உரிய பூவரசும் புன்னையும் வேம்பும் வைக்கச் சொல்லுவோம். அவை தூசி வாங்க, மருந்துக்கு அல்ல என்று பலகையும் வைக்கச் சொல்லுவோம். பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகள் எழுதவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எண்ணூர், திருவொற்றியூர் மரங்களையும் அவற்றைப் பற்றி ஆயாக்கள் சொல்லும் மருத்துவத்தையும் சேர்க்கவைப்போம். மண் ஒருநாள் சுத்தமானால், எந்த மரம் எதற்கு ஆகும் என்று சொல்ல ஆள் இருக்கவேண்டும் அல்லவா?

இந்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் வரப்பில் 5 மரக்கன்றுகளுக்குக் குழி எடுங்கள். சாலையையும் சாக்கடையையும் விட்டுத் தள்ளி எடுங்கள். நட்ட தேதியைக் குறித்துவையுங்கள். கன்று தேவைப்படுகிறவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். என்னிடம் மகிழம் விதை முளைத்து நிற்கிறது.